போர்வையில் விழுந்த மாங்காய்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது ஏப்ரல் மாதத்தில். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் என்னென்னவோ சொன்னார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்த பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்போ இந்த வருஷம் ஊறுகாய் இல்ல."

எங்கள் சந்தில் அது பெரிய செய்தி. பெங்களூர் விவேக் நகரில் நாங்கள் இருக்கும் சந்து, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அளவு சந்து. மே மாதம் அம்மா ஒரு பெரிய ஜாடி நிறைய மாங்காய் ஊறுகாய் போடுவாள். காயைக் கொட்டை ஓட்டோடு வெட்டி, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்து. ஜூனில் அது பாட்டில் பாட்டிலாக ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். எதிர்வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி, போன வருடத்துக் காலி பாட்டிலை நன்றாகக் கழுவி, ஏப்ரலிலேயே எங்கள் ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார். பாட்டில் மட்டும் அங்கே நிற்கும், வெயிலில் மின்னிக்கொண்டு.

இந்த வருடமும் நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் போடுறேன்" என்றேன்.

அப்பா குடித்துக்கொண்டிருந்த டீ சட்டையில் சிந்தியது. தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி, "கிட்டார் என்ன ஆச்சுக்கா?" என்றான். கிட்டார் கட்டிலுக்கு அடியில் இருந்தது. "பிரெஞ்சு கிளாஸ்? அந்த ஓடுற ஷூ?" அவன் அடுக்கிக்கொண்டே போனான். எல்லாம் உண்மைதான். எனக்கு எதைப் பார்த்தாலும் ஆசை வரும். ஆசை வந்த அன்றே ஆரம்பித்தும் விடுவேன். நடுப்பாதையில் இன்னொன்று கண்ணில் படும். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் அம்மா அன்று சிரிக்கவில்லை. பரணில் துணி சுற்றி வைத்திருந்த ஜாடியைப் பார்த்தாள்.

"அது அங்கயே இருக்கட்டும்டி. பாதியில விட்ட ஊறுகாய குப்பையிலதான் கொட்டணும்."

"விடமாட்டேன்."

"காய் கடையில வாங்கினா பாதி அடிபட்டுதான் இருக்கும். நானே மார்க்கெட்ல ஒண்ணொண்ணா பொறுக்கி வாங்குவேன். உனக்கு அந்தப் பொறுமை ஏது?"

"கடையில வாங்கலம்மா. மரத்துல இருந்து நானே பறிச்சுக் கொண்டாரேன்."

அதை எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அம்மா நல்ல கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். "தரையில விழுந்த காய் ஒண்ணுகூட ஜாடிக்குள்ள போகக்கூடாது. ஒண்ணு போனா போதும், மொத்த ஜாடியும் நாறிடும். அப்படி ஆச்சு, நானே கொட்டிடுவேன். அழக்கூடாது."

"சரி" என்றேன். சரி என்றால் சரி.

*

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். காலை இருட்டோடு கிளம்பி, ரயிலில் காய் நறுக்கி, பூ கட்டி, சீட்டாடி, ஊர்க்கதை பேசி, கோரமங்களா வந்து சேரும்போது எங்களைவிடச் சுறுசுறுப்பாக இருப்பாள். அவளிடம் சொன்னதும், ரயில் சிநேகிதிகளிடம் விசாரித்து இரண்டே நாளில் ஒரு தோட்டம் கண்டுபிடித்துவிட்டாள். பங்காரப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ஆட்களை உள்ளே விட்டு, தாங்களே பறித்துக்கொள்ள அனுமதிக்கிறார்களாம்.

எங்களோடு மூன்றாவது ஆள், எங்கள் டீமில் இருக்கும் திருநெல்வேலிக்காரன். ஈஜிபுராவில் ஒரு பி.ஜி. விடுதியில் இருக்கிறான். ஞாயிறு மதியம் அங்கே போடும் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க எங்கே கூப்பிட்டாலும் வருவான். "மாங்கா பறிக்கவா? எங்க ஊர்ல வந்து பறிச்சா ஆகாதா?" என்று கேட்டுக்கொண்டேதான் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்தான். முதுகில் கம்பெனி கொடுத்த லேப்டாப் பை. அதற்குள் உட்கார்ந்து சாப்பிட என்று பி.ஜி. கட்டிலிலிருந்து உருவி வந்த பூப்போட்ட போர்வை. நானும் அதே பையைத்தான் மாட்டியிருந்தேன். பங்காரப்பேட்டையில் காத்திருந்த தங்கவயல்காரி முதுகிலும் அதே சாம்பல் நிறப் பைதான்.

"இன்னாடா, லீவ் நாள்லகூட ஆபீசுக்குப் போற மாதிரியே வந்துகீறீங்க" என்றாள்.

"உன் முதுகப் பாருட்டி மொதல்ல" என்றான் அவன்.

தோட்டக்காரம்மா ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே எங்களை வரவேற்றார். நடுத்தர வயது, கையில் பெரிய சாவிக் கொத்து. கன்னடம் கலந்த தமிழ். நாங்கள் பாதாமி மாம்பழத்துக்காக வந்திருக்கிறோம் என்று நினைத்து வரிசை வரிசையாக மரங்களைக் காட்ட ஆரம்பித்தார். பொன்னிறம் ஏறிய பழங்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கின. திருநெல்வேலிக்காரன் அங்கேயே நின்றுவிட்டான்.

"பழம் வேண்டாங்க. ஊறுகாய்க்கு நல்லா புளிக்கிற காய் வேணும்" என்றேன்.

"அதுக்கா பெங்களூர்ல இருந்து ரயில் ஏறி வந்தீங்க?" அவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டார். பிறகு வேலியோரம் தனியாக நின்ற ஒரு பெரிய நாட்டு மரத்தைக் காட்டினார். யாரும் சீந்தாத மரம். காய் ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, உருண்டையாக, கொத்துக் கொத்தாக. "அந்த ஒரு மரம் உங்களுக்கு. வேற மரத்துல கை வைக்கக் கூடாது. பறிச்ச காய வேண்டாம்னு விட்டுட்டும் போகக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணும். சாயங்காலம் நான் மதுவெக்குப் போகணும், எங்க அண்ணன் மக கல்யாணம். அதுக்குள்ள முடிச்சுடுங்க."

"இன்னும் ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவோம்" என்றேன். என் வாயைப் பற்றித்தான் சொன்னேனே.

*

ஒரு சாக்கும், அதைக் கட்டக் கயிறும், ஒரு நீளமான தொரட்டியும் கொடுத்தார்கள். தொரட்டி முனையில் ஒரு கொக்கி, அதன் கீழே கூடை போல ஒரு வலை. கொக்கியைக் காம்பில் மாட்டி இழுத்தால் காய் வலையில் விழும் என்பது ஏற்பாடு. பார்க்க எளிது. கையில் பிடித்தால் அந்தக் கம்பு மேலே போகப் போகத் தன் இஷ்டத்துக்கு ஆடியது. முதல் காயைப் பிடிக்கவே கழுத்து சுளுக்கிக்கொண்டது. இரண்டாவது வலைக்கு வெளியே போய், தொப்பென்று தரையில் விழுந்து வேலிக்கு உருண்டது. "அது எனக்கு" என்று தங்கவயல்காரி எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக் கடித்தாள். முகம் சுருங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. "ஐயோ, இன்னா புளிப்பு! சூப்பர்."

"இந்த வேகத்துல போனா கிறிஸ்துமஸ் கேக்கோடதான் உங்க ஊறுகாயும் வரும்" என்றான் திருநெல்வேலிக்காரன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவின் சட்டம் என்ன? தரையில் விழக்கூடாது. அவ்வளவுதானே? அப்படியானால் தரையே இல்லாமல் செய்துவிட்டால்?

"போர்வைய எடு" என்றேன்.

இரண்டு பேர் போர்வையை நான்கு முனையிலும் பிடித்துக்கொள்வது. ஒருவர் மரத்தில் ஏறி, காயைத் திருகித் திருகிப் போடுவது. போர்வை தாங்கிக்கொள்ளும். சொல்லி முடிப்பதற்குள் தங்கவயல்காரி செருப்பைக் கழற்றிவிட்டாள். "சயனைடு மேட்டுல ஏறி எறங்கி வளந்தவ நானு. இது ஒரு மரமா?" சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட அந்தச் சாம்பல் மேடுகள்தான் சின்ன வயதில் அவளுக்கு விளையாட்டு மைதானம். மளமளவென்று ஏறிக் கிளைப் பிரிவில் உட்கார்ந்தாள்.

"போடட்டா?"

"போடு!"

முதல் காய் போர்வையில் விழுந்து ஒரு துள்ளு துள்ளி நின்றது. நானும் அவனும் கத்தினோம். அப்புறம் மழைதான். ஒன்று, இரண்டு, கொத்தாக நாலு. நாங்கள் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடதும் வலதும் ஓடினோம். ஒரு காய்கூடத் தரையில் விழவில்லை. போர்வை கனத்து நடுவே தொங்கியபோது சாக்கில் கொட்டினோம், மறுபடி ஓடினோம். கைக்கெட்டிய கிளைகள் எல்லாம் காலியாகிவிட்டன. சொன்ன ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாக்கோடு நின்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். தம்பியிடமிருந்து உடனே பதில்: 'எந்தக் கடை?'

நான் பதில் போடவில்லை. ஜெயித்தவர்கள் பதில் போடுவதில்லை.

*

போர்வையில் காம்புப் பால் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. "இத நான் பி.ஜி. ஓனருக்கு என்னன்னு சொல்லுதது?" என்று புலம்பிக்கொண்டே அவன் அதை விரித்தான். தங்கவயல்காரியின் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம், மசால் வடை. தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும் இருந்ததால், சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்து நறுக்கினேன்.

தோலுக்கு அடியில், வெள்ளைச் சதையில், ஒரு ரூபாய்க் காசளவு பழுப்பு. அழுத்தினால் விரல் லேசாக உள்ளே போனது.

சொத்தைக் காய் என்று நினைத்து இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ஒரு பழுப்பு. அடுத்ததில் இரண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தோல் பச்சையாக, இறுக்கமாக, பளபளவென்று இருந்தது. சாக்கைத் திறந்து பார்த்தேன். காம்பே இல்லை, எல்லாம் திருகியதில் பிய்ந்திருந்தது. வழிந்த பால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பரவி, தோலைக் கறுக்க ஆரம்பித்திருந்தது.

எனக்குப் புரிந்தது. தரையில் விழவில்லைதான். முதல் காய் மட்டுமே போர்வையில் விழுந்தது. மற்றவை எல்லாம் காயின் மேல் காயாக, கல்லின் மேல் கல்லாக விழுந்திருக்கின்றன. நாங்கள் ஓடிய ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று முட்டியிருக்கின்றன. அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் எதற்காகச் சொன்னாள் என்பதை விட்டுவிட்டேன்.

"என்னட்டி, மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்றான் அவன்.

நறுக்கியதைக் காட்டினேன். அவர்களும் ஆளுக்கொன்று நறுக்கிப் பார்த்தார்கள். நறுக்கிய துண்டுகள் தொடப்படாமல் கிடந்தன. புளிசாதம் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

"அந்தப் பழுப்ப மட்டும் வெட்டிப் போட்டுட்டுப் போட்டுக்கலாமே. யாருக்குத் தெரியும்?" என்றாள் தங்கவயல்காரி.

"அம்மாக்குத் தெரியும்."

"கை கட்டுப் போட்டுக்கினு கீறாங்க. எப்படித் தெரியும்?"

"ஜூன்ல தெரியும். ஜாடியத் தெறந்தா தெரியும். கொழகொழன்னு போயிருக்கும். சந்துல எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ மார்க்கெட்ல வாங்கிக்க. இல்லன்னா விடு. அடுத்த வருஷம் உங்கம்மாவே போடுவாங்க."

அடுத்த வருடம். அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. கிட்டாரையும் அடுத்த வருடம் என்றுதான் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

எழுந்து மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். கீழ்க்கிளைகள் மொட்டையாக இருந்தன. மேலே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இலைக் கூட்டத்துக்குள் இன்னும் நிறையக் காய் இருந்தது. அவசரத்தில் எங்களுக்கு எட்டாத காய். எங்களிடமிருந்து தப்பித்த காய்.

"திரும்பப் பறிக்கப் போறேன். ஒண்ணொண்ணா. காம்போட" என்றேன். "நீங்க வேணா தூங்குங்க."

"பைத்தியமாடி உனக்கு? வெயிலப் பாரு!"

"பாத்துட்டேன்."

"எத எதுல வைப்ப? சாக்குல போட்டா இதே கதைதாம்லா" என்றான் திருநெல்வேலிக்காரன்.

சுற்றிப் பார்த்தேன். மூன்று சாம்பல் நிறப் பைகள் மரத்தடியில் சாய்ந்து கிடந்தன. என்னுடையதைத் திறந்து உள்ளே கை விட்டேன். முதுகுப் பக்கம் மெத்தை, பக்கத்தில் மெத்தை, நடுவில் லேப்டாப்புக்கான அறையிலும் மெத்தை. விலையுயர்ந்த கண்ணாடிப் பொருள் ஒன்று கீழே விழுந்தாலும் உடையக்கூடாது என்பதற்காகவே யாரோ உட்கார்ந்து தைத்த பை.

பையைத் தூக்கிக் காட்டினேன். அவன் உள்ளே கை விட்டு மெத்தையை அழுத்திப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி வா. எம் போர்வை போனது போச்சு. பையும் போவட்டும்."

*

இந்த முறை நான்தான் ஏறினேன். தங்கவயல்காரியின் உள்ளங்கைகள் காலையிலேயே சிராய்த்துச் சிவந்திருந்தன. நான் அதுவரை எந்த மரத்திலும் ஏறியதில்லை. எங்கள் சந்தில் ஏறுவதற்கு மின்கம்பம்தான் இருக்கிறது. அவள் கீழே நின்று, "வலது கால அந்த முண்டுல வை. இல்லடி, உன் வலது!" என்று கத்தினாள். கீழே பார்க்காமல் இருந்தால் சமாளிக்கலாம் என்று கண்டுபிடித்தேன். மேலே பார்ப்பது எனக்கு எப்போதும் எளிது.

சாக்குக் கயிற்றை வாரில் நீளமாகக் கட்டிப் பையைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். கிளையைக் கால்களால் இறுக்கிக்கொண்டு, ஒரு கையில் காய், மறு கையில் கத்தரி. காயைத் திருகாமல், காம்பை விரலளவு விட்டு, தங்கவயல்காரி ரயிலில் பூ கட்ட வைத்திருக்கும் அந்தச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய காயைப் பைக்குள் மெதுவாக இறக்க வேண்டும், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல. பை நிறைந்ததும் கயிற்றைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டும். கீழே அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்து, பால் வடிவதற்காகக் காம்பு கீழே இருக்கும்படி காய்ந்த இலை மேல் வைத்தார்கள். எட்டாத காய்க்குத் திருநெல்வேலிக்காரன் தொரட்டியை நீட்டினான். காலையில் ஆடிய கம்பு இப்போது கொஞ்சம் சொன்னபடி கேட்டது. அல்லது அவன் பொறுமையாகப் பிடித்திருந்தான்.

முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. நான் அதைக் காயென்று நினைத்துக் கை வைத்தேன். சட்டைக்குள், கழுத்தில், காதில், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கடி.

"எறங்குடி! எறங்கு!" என்று கத்தினாள் அவள்.

"எறங்கினா திரும்ப ஏறமாட்டேன்!" என்று நான் கத்தினேன். அது உண்மை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையால் எறும்பைத் தட்டிக்கொண்டே அடுத்த கிளைக்கு நகர்ந்தேன். ஒரு காம்பிலிருந்து பால் பீறிட்டுக் கன்னத்தில் பட்டது. பட்ட இடம் எரிந்தது. துடைக்கக் கை இல்லை. எரியட்டும் என்று விட்டேன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது தோட்டக்காரம்மா வந்துவிட்டார். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. ஹாரனை அடித்தார்.

"ஏனம்மா இது? காலையிலயே சாக்கு நெறைய பறிச்சீங்க இல்ல?"

"அது அடிபட்டுப் போச்சுங்க" என்று மரத்திலிருந்தே பதில் சொன்னேன். "அதையும் எடுத்துக்கறோம். இன்னும் கொஞ்ச நேரம்."

"முகூர்த்தமே முடிஞ்சுடும்மா! ரிசப்ஷனுக்காவது போக விடுங்க!"

"இன்னும் ஒரு பை மட்டும்."

அவர் சாவிக் கொத்தை ஆட்டினார். போன் அடித்தது, "பந்தே, பந்தே" என்று சொல்லிவிட்டு வைத்தார். வருகிறேன் என்று சொன்ன ஆள் வண்டியைக் கிளப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே பார்த்து, "அங்க இல்ல. எடது பக்கம், எலைக்குப் பின்னாடி பெரிசா ஒண்ணு" என்றார். அப்புறம் அதுவே வேலையாகிவிட்டது அவருக்கு. "ஐயோ, அத விடாதே, அதுக்கு மேல!" பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று பையும் நிறைந்தபோது எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். "கல்யாணத்துல கேட்டா என்னன்னு சொல்றது? மாங்காக்குக் காவல் இருந்தேன்னு சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டைப் பூட்டினார்.

*

தங்கவயல்காரி பங்காரப்பேட்டையிலிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மூன்று பையை இரண்டு பேர் மார்பில் கட்டிக்கொண்டு, அடிபட்ட சாக்கையும் தூக்க முடியாது என்று பார்த்ததும், "எப்படியும் நாளைக்குக் காலையில வரணும். உங்க வீட்லயே படுத்துக்கறேன்" என்று எங்களோடு ஏறிவிட்டாள். பங்காரப்பேட்டை பானிபூரிக்குப் பேர்போன ஊர்; ஒரே வருத்தம் அவளுக்கு: "பங்காரப்பேட்ட வரைக்கும் வந்து ஒரு பானிபூரி துன்ன விடலையேடி நீ."

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரும் அதில்தான். சாக்கைக் கதவோரம் தள்ளிவிட்டு, நாங்கள் மூவரும் பைகளை முன்பக்கமாக மாட்டி, கைகளால் அணைத்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் நெருக்கியது. நெருக்கும் போதெல்லாம் நான் முதுகைக் கொடுத்தேன்.

உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "பைய கீழ வைம்மா. எவ்ளோ நேரம் தூக்கிக்கினே நிப்ப?"

"பரவால்லங்க."

"உள்ள இன்னா? கம்ப்யூட்டரா?"

"ஆமாங்க" என்றாள் தங்கவயல்காரி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. "புதுசு. கீழ வெச்சா கெட்டுடும்."

அந்த அம்மா மூக்கை ஒருமுறை இழுத்தார். "மாங்கா வாசன வருதே கம்ப்யூட்டர்ல" என்றார். பெட்டியே சிரித்தது. ஆனால் அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன், பை மடியில். திருநெல்வேலிக்காரன் தன் பையையும் என் மடியில் வைத்துவிட்டு, சாக்கின் மேல் உட்கார்ந்து கன்டோன்மென்ட் வரை தூங்கினான்.

*

வீட்டில் அம்மா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னாள். என் கன்னத்தில் பால் பட்ட காயத்தைப் பார்த்தாள். "தேங்கா எண்ணெ போடு" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒவ்வொரு காயாக இடது கையால் எடுத்து, முகர்ந்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிலவற்றை ஒதுக்கினாள். ஒதுக்கிய ஒவ்வொன்றும் எனக்கு ஒரு அடி. மற்றவற்றைத் துணியின் மேல் வரிசையாக வைத்தாள். தங்கவயல்காரி எனக்குப் பின்னால் நின்று என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசிக் காயை வைத்துவிட்டு அம்மா கதவோரம் இருந்த சாக்கைக் காட்டினாள். "அதுல?"

சொன்னேன். போர்வையைப் பற்றி, ஓடியதைப் பற்றி, எல்லாம். தம்பி சிரிக்க வாய் திறந்தான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அத நாளைக்கு சித்ரான்னத்துக்கு வெச்சுக்கலாம்" என்றாள். "ஜாடிய யாராவது எறக்குங்க."

அப்பா ஸ்டூலை எடுத்து வந்தார்.

மறுநாள் லீவு போட்டேன். இளநீர்க் கடைக்காரரிடம் கனமான கத்தி ஒன்றை இரவல் வாங்கி, கட்டையின் மேல் வைத்து ஓட்டோடு வெட்டினேன். முதல் சில காய்கள் கோணல்மாணலாக வந்தன. உள்ளிருக்கும் பருப்பை எடுத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்து, ஒவ்வொரு துண்டையும் உலர்ந்த துணியால் துடைத்து... கை வலித்தபோது எழுந்து கட்டிலுக்கு அடியில் இருந்த கிட்டாரைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். தொடக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். உப்பு போடும்போது மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. "போதும், போதும்" என்று கட்டுப் போட்ட கையையே தூக்கிவிட்டாள்.

அலுவலகத்தில் அந்த வாரம் முழுவதும் மூன்று பேர் டப்பாவிலும் மாங்காய் சித்ரான்னம். திருநெல்வேலிக்காரனின் போர்வையில் கறை போகவே இல்லை. பி.ஜி. ஓனர் புதுப் போர்வை வாங்கித் தரச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். நான் தினமும் காலை ஆபீசுக்குக் கிளம்பும் முன் ஜாடித் துணியை அவிழ்த்து, உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிவிட்டேன். ஒரு நாளும் தவறவில்லை. தம்பி கேலி செய்வதை நிறுத்தியிருந்தான்; காத்திருந்தான்.

ஜூனில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்ததும், அம்மாவே ஜாடியைத் திறக்கச் சொன்னாள். கட்டுப் பிரித்த கை இன்னும் மெலிந்துதான் இருந்தது. சுடு சோற்றில் ஒரு துண்டை வைத்தேன். அவள் சாதத்தை விட்டுவிட்டு, துண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டாள்.

தம்பி போனைக் கீழே வைத்தான்.

கடுக்கென்று ஒரு சத்தம். ஓடு கடிபடும் சத்தம். சதையும் விறைப்பாகக் கடிபட்டது. சமையலறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அம்மா மெதுவாக, முழுவதையும் மென்று, ஓட்டைச் சப்பித் தட்டோரம் வைத்தாள்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "எதிர்வீட்டு பாட்டில் எவ்ளோ நாளா வெயில்ல காயுது, பாவம். அத எடுத்துட்டு வா மொதல்ல."